குங்குமம் வைத்த பெட்டி

சுகுணா டிவிக்கு ஆசைப்பட்டதற்குக் காரணம் நாடகம் இல்லை, ராஜலட்சுமி.

அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டப்பா டிவி பல வருஷம் உழைத்தது. கடைசியில் எல்லார் முகத்தையும் கத்திரிப்பூ நிறத்தில் காட்டிவிட்டு ஒரேயடியாகக் கண்ணை மூடிக்கொண்டது. மகள் பிரகதீஸ்வரி திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து நர்சிங் படிக்கிறாள். புருஷன் உதயசூரியனோ கடலைக் காட்டுக்கும் டீக்கடைக்கும் நடந்தே பொழுதைப் போக்குகிறவன். சாயங்காலமானால் குடுமியான்மலையில் அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. அதனால் சுகுணா பக்கத்து வீட்டு ராஜலட்சுமி வீட்டுக்கு டிவி பார்க்கப் போவாள். அங்கே சோபா இருந்தது. இவள் வாசல்படியை ஒட்டித் தரையில் உட்காருவாள். அங்கே உட்கார் என்று யாரும் சொன்னதில்லை, மேலே உட்கார் என்றும் சொன்னதில்லை.

ஒருநாள் ராஜலட்சுமியின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நாடகம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ராஜலட்சுமி ரிமோட்டை எடுத்து டிவியை அமர்த்தினாள்.

"ஒனக்கு வீட்ல வேலவெட்டி ஒண்ணும் இல்லையா சுகுணா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சம்பந்தியம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சுகுணாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. இனி டிவி பார்க்கவென்று எவள் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். இதைப் புருஷனிடம் சொன்னாள். மணமேல்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நாத்தனார் அருணாவிடமும் போனில் சொல்லி அழுதாள். உலகத்தில் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் கடலை நன்றாக விளைந்தது. ஒருநாள் காலையில் உதயசூரியன் சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்பு, புதுக்கோட்டைக்குப் போய் டிவி எடுத்துவிட்டு வருவோம் என்றான். அவன் பெயர்தான் சூரியன். எதையும் வெளிச்சத்தில் செய்து பழகிய ஆள் இல்லை. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் சுகுணாவுக்கு அது உறைக்கவில்லை. நம்பிக்கை வைத்த இடத்தில் யார் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்? பஸ் ஏறும்போதே அருணாவிடமிருந்து போன் வந்தது. நல்லதாகப் பார்த்து எடுங்கள் மதினி, கொஞ்சம் பெரிசாகவே எடுங்கள் என்றாள். தங்கமான நாத்தனார் என்று சுகுணா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் வேறு சொல்லி வைத்தாள்.

கடையில் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்தியது, ஒரே அருவி விழுந்தது, அறுத்த மாதுளம்பழம் ஒன்று மினுமினுத்தது. கடைப் பையன் மூச்சு விடாமல் என்னென்னவோ எண்களைச் சொன்னான். உதயசூரியன் எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டினான். சுகுணாதான் குறுக்கே புகுந்தாள்.

"தம்பி, மீனையெல்லாம் அமத்திட்டு நம்ம ஆளுக பேசுறதப் போடுங்க."

செய்தியைப் போட்டான். கறுத்த முகத்தை எந்த டிவி கறுப்பாகவே காட்டுகிறது, எது சுண்ணாம்பு பூசிக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் காது கொடுத்தாள். அதன் பிறகு செய்ததுதான் கடைக்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு, கடையின் ஓரத்தில், ராஜலட்சுமி வீட்டில் டிவிக்கு வாசல்படி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் ஒரு டிவியில் முகம் வெளுத்தது, இன்னொன்றில் பாதி இருட்டாகத் தெரிந்தது. மூன்றாவதில் மட்டும் நேரே இருந்து பார்ப்பதுபோல அப்படியே தெரிந்தது. அதையே எடுப்போம் என்றாள். தன் வீட்டுக்கு வருகிறவள் எவளாக இருந்தாலும், எங்கே உட்கார்ந்தாலும், முகம் தெரிய வேண்டும் என்பது அவள் கணக்கு.

உதயசூரியன் அந்த டிவிக்கு முன்னால் போனை நீட்டி நீட்டிப் பிடித்தான். நடுநடுவே வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். போட்டோ எடுக்கிறான் என்று இவள் நினைத்துக்கொண்டாள். எந்த நிறச் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்று கடைப் பையன் கேட்டதும் அவன் யோசிக்காமல் வெள்ளை என்றான். நம் சுவர் பச்சையாயிற்றே என்று சுகுணா திருத்தினாள். ஒரு விநாடி முழித்துவிட்டு, டிவி வருவதற்குள் வெள்ளையடித்துவிடலாம் என்றிருக்கிறேன், அதனால் நாலு நாள் கழித்துக் கொண்டுவரச் சொல்லுவோம் என்றான். டிவியோடு வெள்ளையடிப்பும் வருகிறதே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சிகாநாதர் கோயில் குங்குமத்தை மடித்து எடுத்துவந்திருந்தாள். மாற்றி வேறு பெட்டியை அனுப்பிவிடக் கூடாது என்று தன் பெட்டியின் மூலையில் மூன்று பொட்டு வைத்தாள். மூன்றாவது பொட்டு வைக்கும்போது கை வழுக்கி அது வால் முளைத்ததுபோல் இழுபட்டுவிட்டது. அழிக்க மனசில்லாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாளே எலக்ட்ரீஷியன் செபமாலையை வரவழைத்து, சுவரில் டிவி மாட்டும் உயரத்துக்கு பிளக் பாயிண்ட் வைத்தாயிற்று. டிரில் போடும் சத்தம் கேட்டு ராஜலட்சுமி எட்டிப் பார்த்தாள். புது டிவி வருகிறது, நீங்களும் வாங்க, மேலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று சுகுணா சொன்னாள். இதைச் சொல்வதற்காகவே டிவி வாங்கலாம் என்றிருந்தது.

நாலு நாள் போயிற்று. வெள்ளையும் அடிக்கவில்லை, டிவியும் வரவில்லை. அருணா வீட்டுப் புதுமனைப் புகுவிழா முடியட்டும் என்றான் உதயசூரியன். அதுவும் சரிதான். தங்கை வீடு கட்டியிருக்கிறாள், பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோக வேண்டும். பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் சுகுணாவே பார்த்துப் பார்த்து எடுத்தாள். தாம்பாளங்களில் பழமும் பலகாரமும் அடுக்கினாள்.

மணமேல்குடியில் பிள்ளையார் கோயிலிலிருந்து அருணா வீடு வரை மேளத்தோடு சீர் போகிறது. பிறந்த வீட்டு மருமகள்தான் காமாட்சி விளக்கை ஏந்தி முன்னால் போக வேண்டும். விளக்கை ஏற்றி சுகுணா கையில் கொடுத்தார்கள். பின்னால் குட்டியானை சரக்கு வண்டியிலிருந்து சாமான்கள் இறங்கின. கடைசியாகப் பட்டுத்துணி போர்த்திய அகலமான பெட்டி ஒன்றை இரண்டு பேர் தூக்கினார்கள். அந்தத் துணியின் கீழிருந்து பெட்டியின் ஒரு மூலை வெளியே தெரிந்தது. அதில் மூன்று பொட்டு. மூன்றாவதற்கு வால்.

சுகுணாவுக்கு மேளச் சத்தம் நின்றுபோனது போலிருந்தது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் வேட்டிக் கரையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தான். விளக்கைக் கையில் ஏந்தியவள் நின்று சண்டை போட முடியுமா? காற்றில் அணைந்துவிடாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு நடந்தாள். மைக்கில் ஒருவர், குடுமியான்மலை உதயசூரியன், சுகுணா தம்பதியர் தங்கைக்குச் செய்யும் சீர் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். கொடுக்கிறவர்கள் பெயரில் அவள் பெயரும் இருந்தது. அவளுக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

விளக்கை இறக்கி வைத்ததும் சமையல் பந்தலுக்குப் பின்னால் அவனை மறித்தாள்.

"அது நம்ம டிவிதானே?"

அருணா ஆசைப்பட்டுக் கேட்டாளாம். சபையில் பிறந்த வீடு குறைந்துபோய்விடக் கூடாதாம். நமக்கு அடுத்த வெள்ளாமையில் பார்த்துக்கொள்ளலாமாம். கடைக்குப் போவதற்கு முந்தியே கேட்டுவிட்டாளாம். போனில் காட்டி அவள் சரியென்ற பிறகுதான் பில் போட்டானாம்.

"அப்ப என்னைய எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"ஒனக்குத்தான பாத்து எடுக்கத் தெரியும்" என்றான் அவன், பாராட்டுகிற மாதிரி.

கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாளா? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருப்பாள். மூன்றாம் நாள், போனால் போகிறது, நம் அருணாதானே என்று கொடுத்திருப்பாள். டிவி போனது கூட வயிற்றெரிச்சல் இல்லை. அவளுக்கென்று சொல்லிக் கூட்டிப்போய், தரையில் உட்கார்ந்து பார்க்க விட்டு, குங்குமம் வைக்க விட்டு, சுவரில் ஓட்டை போடுவதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தானே, அதுதான் நெஞ்சை அறுத்தது.

டிவிக் கடையிலிருந்து வந்திருந்த ஆட்கள் அருணா வீட்டு ஹாலில் டிவியை மாட்டினார்கள். வெள்ளைச் சுவர். அந்தச் சுவருக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது. சொந்தபந்தமெல்லாம் சோபாவிலும் நாற்காலியிலும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். யாரோ டிவியைப் போட்டதும் மீன் நீந்தியது, எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு செய்தி வாசிக்கிறவரின் முகம் வந்தது. பளிச்சென்று, அச்சு அசலாகத் தெரிந்தது. அப்போதுதான் சுகுணா கவனித்தாள், தான் வாசல்படியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று. கால் அதுவாகவே பழகின இடத்தைத் தேடி வந்திருந்தது. ஓரத்திலிருந்தும் முகம் தெரிந்தது. சரியான டிவியைத்தான் எடுத்திருந்தாள்.

அருணா பட்டுப்புடவை சரசரக்க வந்து குனிந்து இவள் தோளைத் தொட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எப்பத் தோணுதோ அப்ப வந்து பாருங்க மதினி. இங்க யாரு அமத்தப் போறா?"

அந்தப் பேச்சில் கேலி இல்லை. அன்பாகத்தான் சொன்னாள். சுகுணா அழுது சொன்னதையெல்லாம் அவள் ஞாபகம் வைத்திருந்தாள். ஞாபகம் வைத்துக்கொண்டேதான் டிவியைக் கேட்டிருக்கிறாள்.

சுகுணா எழுந்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். பந்தியில் முதல் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறந்த வீட்டுக்காரர்களைத்தான் முதலில் உட்கார வைப்பார்கள். இரண்டு பேர் கூப்பிட்டார்கள், காதில் போட்டுக்கொள்ளாமல் தெருவில் இறங்கி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் உதயசூரியன் மூச்சு வாங்க ஓடிவந்து முன்னால் நின்றான்.

"கை நனைக்காமப் போனா நல்லாவா இருக்கும்? வெளக்கு எடுத்தவ சாப்பிடாமப் போயிட்டான்னு ஊரே பேசும். அருணா கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

அவள் அவனை ஒதுக்கிவிட்டு நடந்தாள். ஊருக்குப் போய் இறங்கியதும் ராஜலட்சுமி வாசலில் நின்று டிவி எப்போது வருகிறது என்று கேட்கத்தான் போகிறாள். அதற்கு என்ன பதில் என்று சுகுணாவுக்கு இன்னும் தெரியவில்லை. இவனுக்குச் சொல்ல மட்டும் பதில் இருந்தது. அறந்தாங்கி பஸ் வந்து நின்றதும் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எங்க வீட்டு டிவிய வாசப்படியில ஒக்காந்து பாத்தாச்சாம், வகுறு நெறஞ்சு போச்சாம்னு சொல்லுங்க."

ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.