முடி வெட்டிக்கப் போறேன்னு சொல்லிட்டு

மனசுக்கு வைத்தியம் பார்க்குற ஆளைத் தேடுறது இருக்கே, அது வாடகைக்கு வீடு தேடுறதை விடக் கொடுமை. வீட்டையாவது எட்டிப் பார்த்துட்டு வேண்டாம்னு வந்துடலாம். இங்க நம்ம கதையை மொத்தமா கொட்டி முடிச்ச பிறகுதான், எதிர்ல உட்கார்ந்திருக்கிறது எப்பேர்ப்பட்ட ஆளுன்னே தெரியும்.

நான் பெண்களுக்கு முடி வெட்டுறவ. அடிக்கிற புருஷனை விட்டுட்டு வந்து, ஊரோட இன்னொரு கோடியில ஒத்தை அறை பிடிச்சு, புது சலூன்ல வேலைக்கும் சேர்ந்துட்டேன். அவனுக்கு அறையும் தெரியாது, சலூனும் தெரியாது. எல்லாம் முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன். ஒரு நாள் என் நாற்காலியில இருந்த அம்மா மணி பார்க்கக் கையைத் தூக்கினாங்க, அவ்வளவுதான். நான் குனிஞ்சு தலையைப் பொத்திக்கிட்டேன். கையில இருந்த கத்தரி, போற போக்குல அந்தம்மாவோட முன்முடியை ஒரு பிடி எடுத்துட்டுப் போயிடுச்சு. முதலாளியம்மா நல்லவங்க, கத்தல. யார்கிட்டயாவது போய்ப் பேசு, அதுவரைக்கும் கத்தரியைத் தொடாதேன்னு சொல்லிட்டாங்க. தலை அலசி விடுறது, தரை கூட்டுறது, அதுதான் என் வேலைன்னு ஆகிப்போச்சு.

முதல்ல போன இடத்துல ஒரு பெரியவர். நீ என்ன பண்ணினதுக்கும்மா அவருக்குக் கோபம் வந்ததுன்னு கேட்டார். மூச்சு விட்டேன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். அடுத்தது ஒரு சின்னப் பொண்ணு. நான் சொல்லச் சொல்ல அதுவே அழ ஆரம்பிச்சுடுச்சு. கடைசியில நான்தான் தண்ணி எடுத்துக் கொடுத்து, முதுகைத் தடவி விட்டுட்டு வந்தேன். மூணாவது ஆள், அடுத்த தடவை புருஷனையும் கூட்டிட்டு வாங்க, மூணு பேரும் சேர்ந்து பேசலாம்னார். அவன் கண்ணுல படக்கூடாதுன்னு ஓடி ஒளிஞ்சவகிட்ட சொல்ற பேச்சா இது? எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும். அன்னைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கிட்டதை இன்னும் மறந்திருக்க மாட்டார்.

நாலாவதா போனவங்க, எந்த நாற்காலி உங்களுக்கு வசதி, கதவு திறந்திருக்கணுமா சாத்தணுமான்னு கேட்டாங்க. என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. கதவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து, அன்னைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசல. பரவாயில்லைன்னு விட்டுட்டாங்க. அவங்கதான் இப்ப என் கவுன்சிலர். கொஞ்சம் கொஞ்சமா குனிஞ்சு தலையைப் பொத்திக்கிறது நின்னுது, கத்தரியும் திரும்பக் கைக்கு வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் என் மாமியார் சலூனுக்குள்ள நுழைஞ்சாங்க. அவனைப் பெத்தவங்க. பின்னாடியே அவன் வர்றானான்னுதான் முதல்ல வாசலைப் பார்த்தேன். வரல. அவங்க வீட்டு மேல்மாடிக்காரி எங்க சலூனுக்கு வர்றவ, அவ வழியா விஷயம் போயிருக்கு. நான் யார்கிட்டயோ மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கிறேன்கிறதும் சேர்ந்தே போயிருக்கு. சலூன்ல எந்த ரகசியம் நின்னிருக்கு? மகனுக்கு இது எதுவும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணாங்க. பண்ணிட்டு, என் நாற்காலியில உட்கார்ந்து, நீ போற இடத்துல எனக்கும் ஒரு நேரம் வாங்கித் தர்றியான்னு கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாங்க.

அவன் ரூம் கதவைச் சாத்திட்டு என்னைப் போட்டு அடிக்கும்போது கூடத்துல உட்கார்ந்து டிவி சத்தத்தைக் கூட்டி வச்சவங்க இவங்க. மறுநாள் காலையில என் வீங்கின மூஞ்சிக்கு முன்னாடி டீயை வச்சு, சர்க்கரை போதுமான்னு கேட்டவங்க. மனசு இருக்கிறவங்களுக்குத்தானே அத்தை அந்த வைத்தியம், உங்களுக்கு எதுக்குன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். சரி, வந்ததுக்குத் தலையாவது அலசி விடுன்னாங்க.

தண்ணியைத் திறந்து, தலையைப் பின்னாடி சாய்ச்சு, முடிக்குள்ள விரலை விட்டேன். வலது காதுக்குப் பின்னாடி ஒரு புடைப்பு. தொட்டதும் அவங்க உடம்பு சுருங்கிச்சு. அந்த இடம் எனக்குத் தெரியும். முடி மூடிக்கும், யாரும் பார்க்க முடியாதுன்னு அவன் கண்டுபிடிச்சு வச்சிருந்த இடம். என் தலையிலயும் அங்கதான்.

"எப்போலருந்து?"

"நீ போனதுலருந்து," அப்படின்னாங்க. கண்ணை மூடிக்கிட்டே, "நீ இருந்த வரைக்கும் எனக்குப் பயம் இல்லம்மா."

நான் தண்ணியை நிறுத்தல. நிறுத்தினா ஏதாவது பேசணுமே.

ஒரே குடும்பத்துல ரெண்டு பேரை நான் பார்க்கிறதில்லைன்னு என் கவுன்சிலர் சொல்லிட்டாங்க. சலூனுக்குப் பின்தெரு சுகாதார நிலையத்துல இன்னொருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்ட அனுப்புங்கன்னாங்க. அவங்களை அனுப்புறதுல உங்களுக்குச் சம்மதம்தானான்னு வேற கேட்டாங்க. சம்மதம் இல்லைன்னுதான் சொன்னேன். சொல்லிட்டு, அந்த சுகாதார நிலையத்து நம்பரை வாங்கிட்டு வந்துட்டேன்.

பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை அத்தை அங்க போகணும். முடி வெட்டிக்கப் போறேன்னு மகன்கிட்ட சொல்லிட்டு வருவாங்க. முதல் தடவை தலையை மட்டும் அலசி அனுப்பினேன். முடி வெட்டப் போனவ தலையில ஒரு வித்தியாசத்தையும் காணோமேன்னு அவன் கேட்டிருக்கான், கையாலயும் கேட்டிருக்கான். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அங்க பேசிட்டு இங்க வருவாங்க, நானும் பார்த்தா தெரியிற அளவுக்கு வெட்டி விடுவேன். கிழவிக்கு இந்த வயசுல ஸ்டைல் கேக்குதுன்னு அவன் சிரிச்சானாம். சிரிச்சா சந்தேகப்படலன்னு அர்த்தம், எங்க ரெண்டு பேருக்கும் அது தெரியும்.

இடுப்பு வரைக்கும் இருந்த முடி முதுகுக்கு வந்தது, தோளுக்கு வந்தது. உள்ள என்ன பேசினீங்கன்னு கேட்பேன். முழங்கால் வலியைச் சொன்னேன், தூக்கம் வரலன்னு சொன்னேன்னுவாங்க. மகனைப் பத்தி? இல்லை. எனக்குக் கை பரபரக்கும். முடி கழுத்துக்கு வந்துடுச்சு. அதுக்கும் மேல போனா அடிச்ச இடத்தை மூட முடியாது, வெளிய வர்றதுக்குச் சாக்கும் இருக்காது. அதுக்குள்ள இந்தம்மா வாயைத் திறந்தாகணும். இருந்த கோபமெல்லாம் அப்படியேதான் இருந்தது, ஆனா கத்தரியை மட்டும் கருமி மாதிரி வச்சு வெட்டினேன்.

என்னை மாதிரி கிளம்பி வந்துட வேண்டியதுதானேன்னு ஒரு தடவை கேட்டும் பார்த்தேன்.

"நீ புருஷனை விட்டுட்டு வந்தே. நான் யாரை விட்டுட்டு வர்றது?" அப்படின்னாங்க.

என் அறைக்கு வந்துடுங்கன்னு ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அவங்க வந்தா பின்னாடியே அவன் வருவான். முழுங்கிட்டேன். அது தப்புன்னு இப்பவும் தோணுது, ஆனா திரும்ப அந்த நேரம் வந்தாலும் முழுங்கத்தான் செய்வேன்.

போன வாரம் வந்தப்போ கையில ஒரு துணிப்பை. நான் போர்வையை உதறிக் கழுத்தைச் சுத்திக் கட்டப்போனேன். வெட்ட வேண்டாம்மா, இன்னைக்கு வீட்டுக்குப் போகலன்னாங்க. சுகாதார நிலையத்துல இருந்தே, வெளியூர்ல இருக்கிற அத்தையோட தங்கச்சிக்குப் போன் போட்டுக் கொடுத்திருக்காங்க, தங்கச்சியும் உடனே கிளம்பி வான்னுட்டாளாம். பஸ்சுக்கு இன்னும் நேரம் இருக்கு, அதான் இங்க வந்தேன்னாங்க.

"சொல்லிட்டீங்களா?"

"அவன் என்னை அடிக்கிறதைத்தான் முதல்ல சொல்லப் பார்த்தேன். வரல. உன்னை அடிச்சப்போ நான் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் இது வந்தது."

இவங்க என்னைக்காவது இந்தப் பேச்சை எடுத்தா இப்படிக் கேட்கணும், அப்படிக் கிழிக்கணும்னு பாத்திரம் கழுவும்போதெல்லாம் வசனம் தயார் பண்ணி வச்சிருந்தேன். வருஷக்கணக்கா சேர்த்து வச்சது. ஒண்ணுகூட வாய்க்கு வரல. சும்மா அனுப்பவும் மனசு வரல, சீப்பை எடுத்து வாரி விட்டேன். இவ்வளவு காலம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம், ரெண்டு பேரும் இதுல பாதி கூடப் பேசிக்கிட்டதில்லை. பேசியிருந்தா எத்தனையோ அடி மிச்சமாயிருக்கும், எனக்கும் சரி, அவங்களுக்கும் சரி.

அவங்க பையை எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டு நின்னாங்க. இந்தத் தடவை கண்ணாடியைப் பார்க்கல, என் முகத்தைப் பார்த்தே கேட்டாங்க.

"ஒரு நாளாவது நான் எழுந்து வந்து அந்த ரூம் கதவைத் தட்டியிருந்தா, நீ திறந்திருப்பியா?"

"திறந்திருப்பேன் அத்தை. திறந்து ஓடி வந்து உங்க பின்னாடி நின்னிருப்பேன்."

"தெரியும்மா," அப்படின்னாங்க. "அதனாலதான் தட்டல."