ஒன்பதாவது சரத்து

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. அதை வாங்கியவன் நான். ஆகவே குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கதை பின்னால் வரட்டும்.

1957 ஜனவரியில் திருப்பதியில் லாரி ஓட்டுநர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. சித்தூரில் பன்னிரண்டு லாரிகள் வைத்திருந்த நாகபூஷணம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார். மாதத் தவணை கட்டி லாரியை ஓட்டலாம். நாற்பத்தெட்டு மாதம் கட்டி முடித்தால் லாரி ஓட்டியவனுக்கே சொந்தம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை மேடையில் தமிழாக்கிப் படிக்கும் பொறுப்பைச் சங்கத்தார் மேடைப் பேச்சாளனான என்னிடம் கொடுத்தார்கள்.

எட்டாவது சரத்து, லாரி சொந்தமாகும் நாளைப் பற்றியது. அதைப் படித்ததும் தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். "உழுபவனுக்கு நிலம் என்று முழங்கிய நாக்கு, ஓட்டுபவனுக்கு லாரி என்று முழங்க ஏன் கூசவேண்டும்?" கூட்டம் எழுந்து நின்று தட்டியது. ஓசை அடங்கியபின் தாளைப் பார்த்தேன், பத்தாவதிலிருந்து தொடர்ந்தேன்.

[இங்கே இரண்டு வாக்கியங்களை எழுதி வைத்திருந்தேன். "மறந்து தாண்டினேன்" என்பது ஒன்று. "கூட்டத்தின் சூடு ஆறிவிடும் என்று தாண்டினேன்" என்பது மற்றொன்று. முதலாவதை இப்போது அடிக்கிறேன்.]

2

கதைமாந்தரை அறிமுகப்படுத்த வேண்டும். "எத்திராஜ் ஏழை, ஆயினும் உழைப்பின் உருவம், நேர்மையின் ——"

வேண்டாம். இது மேடைப் பேச்சு. எத்திராஜ் சத்தியவேட்டுக்காரர், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்கு விறகு ஏற்றுபவர். முதல் தவணை கட்டிய அன்றே லாரியின் நெற்றியில் மனைவி பெயரை எழுதப் போனார். வண்டி இன்னும் தம்முடையது என்று நாகபூஷணம் தடுத்தார். எத்திராஜ் பெயிண்டரை அழைத்து, பானெட்டின் உட்புறத்தில் "அம்சவேணி" என்று எழுதி மூடிவிட்டார். நாற்பத்தொரு தவணை கட்டினார். ஒன்றுகூடத் தவறவில்லை.

1960 ஏப்ரல் முதல் தேதி எல்லை நகர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. ஊத்துக்கோட்டை சென்னை ராஜ்யத்திலேயே நின்றது. மே மாத இறுதியில் லாரியின் பர்மிட் முடிந்தது. புதுப்பிக்க இனி இரண்டு ராஜ்யங்களின் முத்திரை வேண்டும். பர்மிட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பத்தில் கையெழுத்திட முடியும். அந்தப் பெயர் நாகபூஷணம். அவர் கையெழுத்திடவில்லை. லாரி நின்றது.

3

லாரி நின்ற இருபத்தாறாம் நாள் சத்தியவேட்டுக்குப் போனேன். ஓடாத வண்டியின் வீல் நட்டுகளை எத்திராஜ் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாண்ணே. இன்னா, இன்னிக்கி மைக்க எடுத்துக்கினு வர்லியா?"

அம்சவேணி தண்ணீர் கொண்டுவந்தார். "லாரி நின்ன எடத்துலதான் நிக்குதுண்ணா. ரோடுதான் வேற ராஜ்யத்துக்குப் பூடுச்சி."

எத்திராஜ் ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஒம்பதுன்னு ஒண்ணு இருக்குதாமே? பத்திரம் எழுதற ரைட்டரு படிச்சிச் சொன்னாரு. முப்பது நாளு வண்டி நின்னா ஓனரு எடுத்துக்கலாமாம். கட்டுனதெல்லாம் வாடகையாப் பூடுமாம். அன்னிக்கி நான் முன்னாலயே குந்திக்கினு இருந்தேன். கை தட்டுனது ஞாபகம் கீது. இது ஞாபகம் இல்ல. நீ அத்தப் படிச்சியாண்ணே?"

"படிக்கல."

"ஏன்?" என்றார் அம்சவேணி.

"கூட்டம் கலைஞ்சிடும்னு நெனச்சேன்."

"கலைஞ்சா கலையட்டுமே! பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு நாலு பேர் போயிருப்பாங்க. எங்க லாரி போயிருக்காதில்ல?"

4

வாசகரே, இவ்விடத்தில் கதையை நிறுத்துகிறேன். நியாயமான ஒப்பந்தம் எது?

ஓட்டுபவன் கையால் சக்கரம் நின்றால் நட்டம் அவனுடையது. உடையவரின் பேனாவால் நின்றால் அது உடையவருடையது. நாற்பத்தெட்டில் நாற்பத்தொன்று கட்டியவன், பெயர் வெளியே எழுதப்படாவிட்டாலும், அந்த அளவுக்கு உடையவனே. பர்மிட்டைப் பிடித்துக்கொண்டு லாரியை மட்டும் விற்பது, கதவைக் கொடுத்துச் சாவியை மடியில் முடிந்துகொள்வதாகும். கையெழுத்திடுபவன் தன் மொழியில் எல்லா வரியையும் கேட்டிருக்க வேண்டும். எல்லா வரியையும்.

(மேடையில் சொன்னால் இதற்கும் தட்டுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.)

5

நாகபூஷணத்தைக் கொடியவராக்கி மூன்று பக்கம் எழுதினேன், கிழித்தேன். இருபத்தெட்டாம் நாள் சித்தூரில் அவர் எனக்கு மோர் கொடுத்தார் என்பதே உண்மை.

"ஏமய்யா, ஒரு கையெழுத்து போட எனக்கென்ன கை வலியா? ஒருத்தனுக்கு பர்மிட்ட கொடுத்தா மத்த பதினொரு பேரும் வாசல்ல வந்து நிப்பான். அப்புறம் என் பேச்சுக்கு எவன் பயப்படுவான்?"

"ஒன்பதாவது சரத்து அவர்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நீங்க அதத் தாண்டினப்ப நானும் கூட்டத்துல கடைசியில இருந்தேனே." சிரித்தார். "பாகா, ரொம்ப நல்லா பேசினீங்க. நானும் கை தட்டினேன்."

பிறகு ஒரு புதிய ஒப்பந்தத்தை நீட்டினார். எத்திராஜ் இதற்குச் சம்மதித்தால் பர்மிட் விண்ணப்பத்தில் தாம் உடனே கையெழுத்திடுவதாகச் சொன்னார்.

6

முடிவுக்கு ஒரு வரைவு: மற்றப் பதினொரு ஓட்டுநர்களும் லாரிகளை நாகபூஷணத்தின் வாசலில் நிறுத்தி, "ஒன்பதாவது சரத்துப்படி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்!" என்று சாவிகளை வீசுகிறார்கள். அவர் நடுங்கி ——

அப்படி நடக்கவில்லை. பதினொருவரையும் போய்ப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தம் தவணைகளை விரல்விட்டு எண்ணினார்கள். எவர் சாவியும் பையைவிட்டு வெளியே வரவில்லை. அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

இருபத்தொன்பதாம் நாள் புதிய தாளை எத்திராஜிடம் கொண்டுபோனேன். தொண்டையைச் செருமினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ படிக்காதண்ணே. கோவத்துல சொல்லல. நீ படிச்சா எனக்கு நல்லாத்தான் கேக்கும். அதான் வேணாம். பேசத் தெரியாதவங்க யாராச்சும் நிறுத்தி நிறுத்திப் படிக்கட்டும்."

ஆகவே தாள் உங்களிடம் வருகிறது. என் சொல் ஒன்றும் சேர்க்காமல் தமிழில் தருகிறேன்.

எட்டு: இன்று முதல் முப்பத்தாறு மாதத் தவணை. பழைய தவணைகள் வாடகையாகக் கொள்ளப்படும்.

ஒன்பது: எக்காரணத்தாலும் வண்டி முப்பது நாள் நின்றால் உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம்.

பத்து: பர்மிட் இரண்டாண்டுக்குப் புதுப்பிக்கப்படும். அது உரிமையாளர் பெயரில் இருக்கும்.

எத்திராஜ் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பேனா அம்சவேணியின் கையில் இருக்கிறது. பானெட் திறந்தே கிடக்கிறது. நாளை முப்பதாம் நாள்.

மெதுவாகப் படியுங்கள். இங்கே யாரும் கைதட்ட மாட்டார்கள். படித்து முடித்ததும், கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று எத்திராஜ் உங்களைத்தான் கேட்பார்.