இனாயத்துக்கு வந்த பதில்

1

இந்தக் கதை எங்கள் பள்ளியின் ஆசிரியர் ஓய்வறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலி காமாக்ஷி சொன்னது, இந்த வாரம் (வருஷம் 1999). பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். இப்படி ஒன்று எனக்கு நடக்கவில்லையே என்ற பொறாமையில்தான் எழுதுகிறேன்.

‘மயிலாப்பூரில் ஒரு தம்பதி’ என்று தொடங்கினேன். (வேண்டாம், இவர்கள் அவ்வளவு பொதுவானவர்கள் இல்லை.)

2

காமாக்ஷி சாந்தோமில் வேதியியல் டீச்சர். கணவர் ஸ்ரீரங்கன் வங்கி அதிகாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டார். ஊரில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் மின்னஞ்சல் குழு ஒன்றிலும் சேர்ந்தார். அன்றோடு பிரின்டர் நின்றுபோனது. அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் அச்சடிக்க வேண்டும் என்று காமாக்ஷி கேட்டாள்.

“அதெல்லாம் உனக்குப் புரியாது, விடு. அப்புறம் பாக்கறேன்” என்றார், திரும்பாமலே.

பார்க்கவில்லை. ஆனால் குழுவில் முகம் தெரியாதவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்.

3

(இங்கே ஜைதூன் என்றொரு பெண்ணைக் குழுவில் சேர்த்து மூன்று பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். காமாக்ஷிக்கு எந்தப் பெண்மேலும் சந்தேகமில்லை. வயிற்றெரிச்சல் எல்லாம் அந்தக் கடிதங்கள்மேல்தான்.)

ஆழ்வார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இனாயத் என்று ஓர் ஆண்பெயரை வைத்துக்கொண்டு, பிரின்டரை எப்படி ஓடவைப்பது என்ற அதே கேள்வியைக் குழுவுக்கு அனுப்பினாள். மறுநாள் ஸ்ரீரங்கனின் பதில் வந்திருந்தது. (ஆங்கிலத்தில்; தமிழாக்கியது நான்.) ‘அன்புள்ள இனாயத், பதற வேண்டாம். முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். விளங்காவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள்.’

பத்து வருஷக் குடித்தனத்தில் தனக்குக் கிடைக்காத பொறுமை, இல்லாத ஒருவனுக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. தானே உண்டாக்கிய ஆள்மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் வரிவிடாமல் எழுதிக்கொண்டாள்.

4

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, கடிதத்தில் இருந்தபடியே வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்தாள். (கடவுச்சொல்லா? அவருடைய ஸ்கூட்டர் நம்பர்.) இரண்டு முறை தப்பாகப் போனது. மூன்றாவது முறை பிரின்டர் கரகரவென்று ஓடியது.

சாயங்காலம் மேஜைமேல் கேள்வித்தாளைப் பார்த்த ஸ்ரீரங்கன், யார் சரிபண்ணியது என்று கேட்டார்.

“இனாயத்” என்றாள்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “அவனை உனக்கு எப்படித் தெரியும்? நான் இல்லாதப்போ ஆத்துக்கு வந்தானா?”

பல மாதங்களுக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்துப் பேசினார். அந்த முகத்தில் இருப்பது என்னவென்று காமாக்ஷிக்கு உடனே தெரிந்தது. இத்தனை நாள் அவளிடம் இருந்ததுதான்.

5

அவள் உண்மையைச் சொல்ல, அவர் சிரித்தார் என்று முடித்தேன். (பொய். அவர் சிரிக்கிற ஆள் இல்லை.) அவர் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப்… (இதுவும் வேண்டாம்.)

பேசாமல் அவளையே கேட்டேன்.

“நாலு நாளாச்சு, இனாயத் நான்தான்னு இன்னும் சொல்லலை” என்றாள் காமாக்ஷி. “தெனம் சீக்கிரமா ஆத்துக்கு வந்துடறார்.”

மணி அடித்தது. எழுந்து வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் சொல்லத்தான் வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால், இன்னும் ஒரு வாரம் வாயைத் திறக்க மாட்டேன்.