பவளக்கொடியின் நிலுவைப் பதில்

அந்த அலுவலகத்தில் ஒரு கணினி சர்வருக்கு பேட்ச் போட்டால், அந்த சர்வரின் பெயரைக் கொண்ட ஆளுக்கும் அது விழும். இதில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் புதிதாக ஒரு சர்வர் வாங்குவார்கள். அதைக் குளிர் அறையில் நிறுத்தி, சந்தனம் வைத்து, காற்றுத் துளையில் வாயை வைத்துச் சேர்ந்தவரின் பெயரை மூன்று முறை சொல்வார்கள். குழந்தையின் காதில் சொல்வதுபோலத்தான். மூன்றாவது முறை பச்சை விளக்கு எரியும். அன்றிலிருந்து இருவரும் ஒன்று.

மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் மாதாமாதம் வரும். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் மருதவாணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒவ்வொரு சர்வராக அதைப் போடுவான். திங்கட்கிழமை ஆட்கள் கொஞ்சம் திருந்தியிருப்பார்கள். வரவேற்பில் இருக்கும் ஹயாத் பாயின் தும்மல் அப்படித்தான் நின்றது. மேலாளர் ரெஜினா மேடத்துக்கு இடது கண்ணில் மட்டும் வழிந்துகொண்டிருந்த கண்ணீரும் நின்றது.

பவளக்கொடி என்ற சர்வரை மட்டும் அவன் கை தாண்டிப் போய்விடும். ஏன் என்று கை அவனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

பவளக்கொடி அவன் மனைவி. கணக்குப் பிரிவில் இருந்தாள். எதைக் கேட்டாலும் நிதானமாகத்தான் பதில் சொல்வாள். உப்பு போதுமா என்று கேட்டால், சாப்பிட்டு, கை கழுவி, படுக்கையை விரித்த பிறகு போதும் என்பாள்.

முதன்முதலில் அவளை அவன் பார்த்தது ஒரு பஸ் நிறுத்தத்தில். இந்த பஸ் திருவான்மியூர் போகுமா என்று கேட்டான். அவள் பஸ்ஸைப் பார்த்தாள். யோசித்தாள். பஸ் போய்விட்டது. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் கிளம்புவது மரியாதை இல்லை என்று அவன் நின்றான். அடுத்த பஸ்ஸும் போனது. நாட்கள் ஓடின. கடைசியில் இரண்டு வீட்டாரும் நிறுத்தத்துக்கே வந்து, வெற்றிலை பாக்கு மாற்றிக் கல்யாணத்தை முடித்தார்கள். அந்தப் பதில் மட்டும் இன்னும் வரவில்லை. துணி மடிக்கும்போது சில நேரம் அவள் கை அப்படியே நிற்கும். அதைத்தான் யோசிக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். சத்தம் போடாமல் பக்கத்தில் நிற்பான். அவன் வாழ்க்கையில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

இந்த மாதம் மருதவாணனுக்கு ஞாயிற்றுக்கிழமை சலித்துவிட்டது. எல்லா சர்வர்களையும் ஒரே குழுவாக்கினான். பேட்ச் தானாகவே ஒன்றன்பின் ஒன்றாக விழும்படி எழுதிவைத்தான். போட்டதும் ஆள் கண்ணை மூடித் திறக்க வேண்டும். ஒலிபெருக்கி “நலமா?” என்று கேட்கும். “நலம்” என்று சொன்னால்தான் அடுத்த ஆளுக்குப் போகும். இடையில் யாரும், அவனே கூட, நிறுத்த முடியாது. ரெஜினா மேடம் எழுந்து நின்று கை தட்டினார்.

கைக்குத் தெரிந்திருந்ததை அவன் எழுத மறந்துவிட்டான்.

திங்கட்கிழமை எல்லோரும் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேட்ச் என்ன செய்யும் என்பது சுவரில் ஒட்டியிருந்தது. “நிலுவையில் உள்ள பதில்கள் அழிக்கப்படும்.”

மருதவாணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஓடினான்.

“மேடம், பவளக்கொடியை மட்டும் எடுத்துடணும்.”

“எப்படிய்யா எடுக்கிறது? குழுன்னா எல்லாரும்தான. நீதான எழுதின?”

“நான்தான்.”

“அப்ப நிறுத்து.”

“நிறுத்த முடியாது மேடம். அதுக்குத்தான் கை தட்டுனீங்க.”

“அதான் பார்த்தேன், நல்லா எழுதியிருக்கியேன்னு” என்று அவர் மறுபடியும் லேசாகத் தட்டினார். “விலக்குப் பிரிவுல போய்க் கேளு.”

விலக்குப் பிரிவு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. அவன் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. ஒரு கட்டத்தில் வெயில் ஏறியது. ஓரமாக இளநீர் விற்றார்கள். குடித்துவிட்டு நடந்தான்.

விலக்குப் பிரிவில் தணிகைவேல் இருந்தார். இதுவரை வந்த எல்லா பேட்சையும் போட்டுக்கொண்டவர். குறைகள் ஒவ்வொன்றாகக் கழிந்து இப்போது மீசை மட்டும் மிச்சம். மீசை பேசியது.

“யாருக்கு விலக்கு?”

“என் மனைவிக்கு சார்.”

“அவங்களே வந்து கேக்கணும்.”

“அவ கேட்டு முடிக்க நாளாகும் சார்.”

“அப்ப அவங்களுக்குத்தான்பா இந்த பேட்ச் ரொம்ப முக்கியம்.”

“ஒரு பதில் பாக்கி இருக்கு சார்.”

“எத்தனை வருஷமா?”

மருதவாணன் சொன்னான். மீசை சிரித்தது.

“அது பதில் இல்லப்பா. குடும்பம்.”

திரும்பி வரும்போது தாழ்வாரம் ஓர் அடிதான் இருந்தது.

பவளக்கொடியின் முறை வந்துவிட்டது. அவன் அவள் முன்னால் குந்தினான்.

“பவளம், அன்னைக்கு அந்த பஸ்…”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு பிரிந்தது. கண் மூடிக்கொண்டது.

திறந்தபோது ஒலிபெருக்கி “நலமா?” என்றது.

உடனே நலம் என்று சொன்னால் போச்சு. மருதவாணன் அவள் வாயையே பார்த்தான். அவள் சொல்லவில்லை. வரிசை காத்திருந்தது. குளிர் அறையின் இரைச்சல் கேட்டது.

“ஒரு வார்த்தைதானம்மா!” என்றார் ஹயாத் பாய். “சாம்பார் ஆறிடும்.”

“நலமா?” என்றது ஒலிபெருக்கி.

“தங்கச்சி, பொய்யாவாச்சும் சொல்லித் தொலையேன்” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவள் சொல்லவில்லை. அவளிடம் அந்த மௌனம் அப்படியே இருந்தது. மருதவாணனுக்கு அழுகை வந்தது. இடது கண்ணில் மட்டும்.

அப்போது பவளக்கொடி தெளிவாகச் சொன்னாள்.

“போகாது. அடையாறு டெப்போவோட திரும்பிடும்.”

ஒலிபெருக்கி யோசித்தது. இப்படி ஒரு பதிலை அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. இதுவரை போட்ட பேட்ச் எல்லாம் ஒவ்வொருவரிடமிருந்தும் கழன்று விழுந்தது. ஹயாத் பாய் வெகுகாலத்துக்குப் பிறகு தும்மினார். ரெஜினா மேடம் கைக்குட்டையைத் தேடினார்.

மருதவாணன் எழுந்தான். பதில் வந்துவிட்டது. இனி நிற்பதற்குக் காரணம் இல்லை.

“ரொம்ப நன்றிங்க” என்றான்.

பவளக்கொடி தலையசைத்தாள். முன்பின் தெரியாதவருக்கு உதவியவள்போல இருந்தாள்.

அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். வாசலை நோக்கி நடந்தான். தாழ்வாரம் நீளவில்லை. கொஞ்சம் நீண்டால் நன்றாக இருக்கும் என்று மெதுவாக நடந்து பார்த்தான். அப்போதும் நீளவில்லை. கதவின் கைப்பிடி கைக்கு வந்துவிட்டது.

திரும்பினான்.

“அப்ப எந்த பஸ்ஸுங்க போகும்?”

பவளக்கொடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். யோசிக்க ஆரம்பித்தாள்.

வரிசையில் யாரோ “ஐயையோ” என்றார்கள்.

மருதவாணன் பையை இறக்கி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.