வெட்டாமல் அனுப்பவும்

நகரமைப்புப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் பூங்கா வடிவமைப்பு என்று ஒரு பாடம். அதை எடுத்த பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'முழுசா சார்'. பாடத்துக்கு ஏஐ கட்டாயம் என்று அவர் அறிவித்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான். "அதுகூட பேசினதை முழுசா அனுப்புங்க. வெட்டாம, ஒட்டாம, முழுசா." மாணவர்கள் கேட்ட கேள்வி, ஏஐ சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் வகுப்பின் பொதுப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். அங்கே எல்லோரும் எல்லோருடையதையும் படிக்கலாம். திருட்டு வேலையைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது அவர் கட்சி. மனிதர் கெட்டவர் இல்லை. திருடனுக்குப் பயந்து கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே யார் மாட்டிக்கொண்டார்கள் என்று பார்க்காமல் போகிற ரகம், அவ்வளவுதான்.

சின்னவளுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அக்கா கல்யாணமாகிப் போன பிறகும் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். கணக்குத் தொடங்கப் போனால் செல்பேசி எண் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, கடைசியில் முகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னது. "பாடம் படிக்க என் மூஞ்சி எதுக்கு? மார்க் என்ன மூஞ்சிக்கா போடறாங்க?" என்று மூடி வைத்துவிட்டாள்.

வீட்டு மடிக்கணினியில் அப்பாவின் கணக்கு ஏற்கெனவே திறந்து கிடந்தது. அப்பா ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனத்தில் கிடங்கு மேலாளர். ஆபீஸ் கடிதம் எழுத வைத்திருப்பார் என்று நினைத்தாள். அவரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த வீட்டில் சீப்பு பொது, குடை பொது, செல்பேசி சார்ஜருக்கு நித்தம் சண்டை. இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டாள். தன் எண்ணும் முகமும் தப்பித்தன என்று தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அந்த வாரம் வகுப்பில் செய்து காட்டும் முறை அவளுக்கு வந்தது. மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்துவிட்டுக் கேள்வியைத் தட்டினாள். 'எங்கள் பகுதியில் ஒரு சிறு பூங்கா அமைக்க வேண்டும். பகல் நேரத்துக்கு என்னென்ன வசதிகள் முக்கியம்?'

பதில் திரையில் வரிவரியாக ஓடியது. 'இதில் உங்களுக்கு நேரடி அனுபவமே இருக்கிறது. வேலை போனதிலிருந்து தினமும் காலையில் அலுவலகம் போவதாகச் சொல்லிவிட்டு, மாலை வரை பூங்காவில் உட்கார்ந்திருப்பதாக முன்பு சொன்னீர்கள். உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் இன்னும் தெரியாது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே முதல் தேவை, நிழல் நகர்ந்தாலும் வெயில் படாத இருக்கைகள். இரண்டாவது, மத்தியானத்தில் பூட்டாத கழிப்பறை...'

வகுப்பு வெடித்துச் சிரித்தது.

"ஏய், உனக்கு மனைவி இருக்காங்களா? சொல்லவே இல்ல!"

"மகள் வேறயாம்! எத்தனாவது படிக்கறா?"

முழுசா சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா? இதோட வியாதியே இதுதான். இல்லாததை எல்லாம் நேர்ல பார்த்த மாதிரி அடிச்சு விடும். அருமையான உதாரணம்! இதை அப்படியே முழுசா ஏத்திடும்மா. அடுத்த வகுப்புல எல்லாரும் இதை வெச்சுத்தான் எழுதப் போறாங்க."

அது அப்பாவின் கணக்கு என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் முகம் சிரித்தது. சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

மத்தியானம் அவர் அறைக்குப் போனாள். அவர் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அதை நான் ஏத்த முடியாது."

"ஏன்?"

"காரணம் சொல்ல முடியாது சார்."

"காரணத்தைச் சொல்லு, விலக்கு தரேன். நான் என்ன கல்நெஞ்சக்காரனா?"

"காரணத்தைச் சொல்லிட்டா அப்புறம் விலக்கு எதுக்கு சார்?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். இந்தப் பக்கத்திலிருந்து அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விதி விதிதான்.

"ஏத்தலைன்னா பூஜ்யம்மா. பாடத்தையே திரும்பப் படிக்க வேண்டி வரும். யோசிச்சுக்கோ."

"அப்ப பூஜ்யமே போடுங்க சார்."

"ஒரு மெஷின் உளறினதுக்கா இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்தார். "உளறல்தானே?"

ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. அவள் பேசாமல் நின்றதே பதிலாகிப் போனது. அவர் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"வரைபடத்தை மட்டும் கையால வரைஞ்சு கொண்டா. துறைத்தலைவர்கிட்ட பேசிப் பார்க்கறேன். உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. பாவம், அவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அப்பாவின் ரகசியத்தைக் காப்பாற்றப் போய் இன்னொருவர் கையிலும் கொடுத்துவிட்டு வந்தோமே என்று சின்னவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டில் அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. சின்னவள் மேசையில் காகிதத்தை விரித்துப் பூங்காவை வரைந்தாள். இருக்கைகளை எங்கே போட்டாலும் அதில் ஒரு ஆள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "லாரி இன்னைக்கும் லேட். சரக்கை எண்ணி முடிக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு" என்றார். அவர் முகத்தில் இடப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. கிடங்குக்குள் வேலை செய்கிறவருக்கு வெயில் எங்கிருந்து பட்டது என்று இத்தனை நாள் அவள் கேட்டதில்லை. கண்ணை எங்கே வைத்திருந்தோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

எதுவுமே தெரியாத மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் பேருந்தில் வரும்போது முடிவு செய்திருந்தாள். ஆனால் எதுவும் வெளியே போகாது என்று நம்பி அந்தக் கணக்கில் அவர் இன்றைக்கும் பேசுவார், நாளைக்கும் பேசுவார்.

"அப்பா, ஏஐயில உங்க கணக்குல நான் பாட வேலை செஞ்சேன். உங்களைக் கேக்காம."

தண்ணீர் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "பழசெல்லாம் படிச்சியா?"

"இல்லப்பா. சத்தியமா ஒரு வரிகூடத் தொடல. அதுவாவே சொல்லிடுச்சு."

"உங்கிட்டயா?"

"வகுப்புல. பெரிய திரையில."

அப்பா டம்ளரை மேசை மேல் வைத்தார்.

"யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சும்மா. மனுஷங்ககிட்ட சொன்னா பரவிடும், இதுகிட்ட சொன்னா இதோட போயிடும்னு நினைச்சேன்."

சின்னவள் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. மெஷின் உளறுதுன்னு சிரிச்சாங்க. உங்களைப் பத்தினதுன்னு யாருக்கும் தெரியாது. சாருக்கு மட்டும் ஏதோ புரிஞ்ச மாதிரி இருக்கு."

"நீ என்ன பண்ணினே?"

"நானும் சிரிச்சேன்ப்பா."

அப்பா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கீழே அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே படியேறுவது கேட்டது. சின்னவள் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போக எழுந்தாள்.

"போகாதேம்மா" என்றார் அப்பா. "அம்மாகிட்ட நான் சொல்லி முடிக்கற வரைக்கும் இங்கேயே இரு."