இரண்டு செங்கல்

காங்கிரீட் போட்டால் இருபத்தொரு நாள். அதற்கு முன் தளத்தைத் தாங்கும் முட்டுக் கம்பை நான் தொடமாட்டேன். ஒன்பதாம் நாளே முட்டு பிடுங்கிய ஒரு தளத்துக்கு அடியில்தான் என் அண்ணன் நசுங்கிச் செத்தான். பிடுங்கச் சொன்னது வீட்டுக்காரர், பிடுங்கியது அண்ணன். அதிலிருந்து வீட்டுக்காரர் பேச்சைக் காதில் வாங்குவேன், கைவரைக்கும் இறங்க விடமாட்டேன்.

டிரைவர் வீட்டு வேலை சின்ன வேலை. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் சமையலறை, நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான் வீடு. சமையலறையை ஒட்டிப் பின்பக்கம் காலி இடம். அங்கே பெரிதாக ஓர் அறை கட்டி, நடுச்சுவரையும் எடுத்துவிட்டால் அடுப்பு, சாப்பாட்டு மேசை, கட்டில் எல்லாம் ஒரே கூடத்தில் வந்துவிடும். யோசனை அவர் மனைவியுடையது. முன்னறையில் அந்தச் சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில் அந்த அக்கா சீக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். சமையலறையோ ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத சந்து. கட்டில் அதற்குள் போகாது.

பழைய கூரையின் பாரம் நடுச்சுவர்மேல் இருந்தது. புதுத் தளத்தோடு சேர்த்து, சுவருக்கு மேலே ஒரு பீம் போட்டோம். அது இறுகிப் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் சுவரை இடிக்க வேண்டும்.

காங்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து தளத்துக்குத் தண்ணீர் விடுவது மட்டும்தான் வேலை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வரும்.

"மேஸ்திரி, உயிரோட இருக்கியா? சுத்தியல் சத்தத்தையே காணோம்."

"காங்கிரீட் இறுகுதுக்கா. சும்மா இருக்கிறதும் வேலைதான்."

"எங்க வீட்டுக்காரரும் சாய்வு நாற்காலியில கிடந்துக்கிட்டு இதையேதான் சொல்வாரு."

நாலாம் நாள், இடிக்க வேண்டிய அளவைக் குறிக்க முன்னறைக்குள் போனேன். சுவரில் நூலடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கையைக் காட்டிக் கிட்டே கூப்பிட்டார்.

"இந்தச் சுவர் எதுக்குப் போகணும்னு உனக்குத் தெரியுமா?"

"வீடு பெருசாகணும்னுதானே?"

"வீடு பெருசாகி நான் என்ன ஓடிப்பிடிச்சா விளையாடப் போறேன்? அந்த மனுசன் குழாயத் திறந்து விட்டுட்டு அடுப்படியில நின்னு அழறாருப்பா. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. முப்பத்தஞ்சு வருசம் அவர் குறட்டையில தூங்கி எந்திரிச்சவ நான். எனக்குக் கேக்காதா? கண்ணத் துடைச்சுட்டு இங்க வந்து சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்பப் பாக்க முடியல. அழட்டும். என் கண்ணு முன்னால அழட்டும். சுவர் போயிட்டா ஓடி ஒளிய எடம் ஏது?"

"அவர்கிட்டயே சொல்லலாமேக்கா."

"சொன்னா நாளையிலிருந்து தெருவுக்குப் போய் அழுவாரு. நீ இடி, போதும்."

அடுத்த வாரம் டிரைவர் என்னைச் சாரத்துக்கு அடியில் நிறுத்தினார். அக்கா இன்னும் பத்து நாள் தாங்குவதே பெரிசு என்று டாக்டர் சொல்லியிருந்தார். முட்டு பிரிக்க எங்களுக்கு மீதி இருந்தது பன்னிரண்டு நாள்.

"மேஸ்திரி, என் சர்வீஸ்ல ஒரு நாள்கூட நேரத்துக்கு முன்னால வண்டிய எடுத்ததில்ல. ஓடி வர்றவன விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு. இப்ப உன்கிட்ட கேக்குறேன். சுவரக் கொஞ்சம் முன்னாலயே எடுத்துரு."

"முடியாதுண்ணே."

"ரெண்டு நாள் முன்னால. ரெண்டே நாள்."

"கூரை இறங்குனா அக்கா தலையிலதான் இறங்கும்."

அவர் தலையை ஆட்டினார். சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருக்கும் நாட்களை மறுபடி எண்ணினேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பதினேழாம் நாள் அக்கா போய்விட்டார். விடியற்காலையில், டிரைவர் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில். கடைசியில் அக்கா கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் இவருக்குக் கேட்கவில்லையாம்.

இருபத்தொன்றாம் நாள் நான் போகவில்லை. டிரைவரே போன் செய்தார்.

"மேஸ்திரி, இன்னிக்கு இருபத்தொண்ணு."

போனேன். வெளியூரில் இருந்து வந்திருந்த மகள் வாசலில் நின்று கேட்டாள்: "இனிமே எதுக்குப்பா இடிக்கணும்? நீங்க ஒருத்தர்தானே இருக்கப் போறீங்க?"

"உங்கம்மா கேட்டதும்மா. இடிக்கட்டும்."

முட்டுகளைப் பிரித்தேன். தளம் மயிரிழைகூட இறங்கவில்லை. நல்ல வேலை. முன்னறைக்கு வந்தேன். கட்டிலை எடுத்திருந்தார்கள். தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. மேலிருந்து இடிப்பதற்கு முன் சுவருக்குள் குழாய், வயர் ஏதாவது ஓடுகிறதா என்று ஓர் ஓட்டை போட்டுப் பார்ப்பது வழக்கம். கட்டில் தலைமாடு இருந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உளியால் பூச்சைக் கொத்தி இரண்டு செங்கல்லை உருவினேன். அந்தப் பக்கத்துப் பூச்சும் உதிர்ந்து சமையலறை தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். தலையணையில் சாய்ந்தால் கண் வருகிற உயரம். எதிரே குழாய். குழாயடியில் டிரைவர். முழு முகமும் தெரிந்தது. தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தார்.

இரண்டு செங்கல். அந்தச் சுவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பாரம் தாங்கும் சுவர்களில் சாரம் கட்டுவதற்காக இதைவிடப் பெரிய ஓட்டை எத்தனை நூறு போட்டிருப்பேன். அக்கா என்னிடம் சொன்ன அன்றைக்கே, கால் மணி நேரத்தில் போட்டிருக்கலாம். சுவர் என்றால் ஒன்று நிற்கும், இல்லையேல் இடியும் என்பதைத் தவிர வேறொன்றும் இந்தத் தலையில் ஏறவில்லை.

டிரைவர் நிமிர்ந்து ஓட்டைக்குள் என் கண்ணைப் பார்த்தார். குழாயை மூடினார். முகத்தைத் துடைத்தார். பழக்கதோஷத்தில் சிரித்தார்.

"என்ன மேஸ்திரி, உள்ள ஏதாவது ஓடுதா?"

"இல்லண்ணே. ஒண்ணும் இல்ல."

"அப்ப இடி."

சம்மட்டியை எடுத்தேன்.