ஆடி மாத டோக்கன்

தாராவிக்குப் பக்கத்துச் சுனாபட்டியில் முப்பிடாதியம்மாள் சித்தி புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, முதல் தம்ளர் சங்கரேஸ்வரிக்குத்தான் வந்திருக்க வேண்டும். வீடு பார்த்துக் கொடுத்தவருக்கே அது என்பது தாராவியில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தம்ளர் அவள் மூக்குக்கு நேராகக் கடந்து போய் ஏஜெண்ட் ராஜசேகரின் கையில் உட்கார்ந்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

"ஏட்டி, சொந்தச் சித்திகிட்டயே கமிஷன் தின்னுட்டியே, உனக்குச் செரிக்குமா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள் சித்தி.

சங்கரேஸ்வரிக்கு முகம் எரிந்தது. ராஜசேகரைப் பார்த்தாள். உண்மை அவருக்குத் தெரியும். மனிதர் பாலை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, சீலிங் ஃபேன் சுற்றுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

உண்மை இதுதான். பகலில் சங்கரேஸ்வரி பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் பட்டறையில் மேஸ்திரி. மிச்ச நேரத்தில் வீட்டு ஏஜெண்ட். அதற்கென்று அரசாங்கம் வைக்கும் பரீட்சையை எழுதிப் பாஸ் செய்து, தன் பெயரில் பதிவு நம்பர் வாங்கி வைத்திருக்கிறாள். வீடு தேடுகிறவர்களைச் செம்பூரில் இருக்கும் ராஜசேகரின் ஆபீசுக்குக் கூட்டிப் போவாள். வீடு விற்றால் பில்டர் அவருக்குக் கமிஷன் கொடுப்பார், அதில் அவர் இவளுக்கு ஒரு பங்கு கொடுப்பார். வாங்குகிறவர் பையிலிருந்து காலணா போகாது. ஆனால் சித்தி விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டபோது, "உங்க ஈஸ்வரிக்கே ஒரு லட்சம் அழ வேண்டியிருக்கு, எங்கேர்ந்து குறைக்கறது?" என்று ராஜசேகர் கையை விரித்துவிட்டார். விலையும் இறங்கவில்லை, பழியும் இவள் தலையில் விழுந்தது.

இவளுடைய பங்கு? மறுநாள், டீச் செலவுக்குச் சில்லறை கொடுக்கிற மாதிரி, அரைக் கிலோ பேடா டப்பா ஒன்றை நீட்டினார். "இந்தத் தடவை ஒண்ணும் நிக்கலை ஈஸ்வரி. சாய்-பானிக்கு வெச்சுக்கோங்க."

பேடாவைத் தெரு நாய்க்குப் போட்டாள். டப்பாவைப் பீரோவுக்கு மேலே, கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். அதன் பிறகு அவள் குடியிருக்கும் சந்தில் ஒருவரும் அவளிடம் வீடு பற்றிப் பேச்செடுக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவள் போய் நின்றால் பேச்சு நின்றது. "விட்டுத் தள்ளு" என்றான் கணவன் இசக்கிதுரை. விட்டுத் தள்ளுகிற ரகம் அல்ல அவள். அந்த ராஜசேகர் வாயாலேயே அந்தப் பேச்சை விழுங்க வைக்காமல் தனக்குத் தூக்கம் இல்லை என்று கணவனிடம் சொன்னாள்.

தை போய், சித்திரை போய், மழையும் பிடித்துக்கொண்டது. ஜூலை நடுவில் ராஜசேகரிடமிருந்து போன்.

"ஈஸ்வரி மேடம், சௌக்கியமா?"

காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் அவருக்கு அந்த 'மேடம்' வரும்.

"செம்பூர்ல புது பில்டிங். இந்த மாசக் கடைசிக்குள்ள பத்து பேரை டோக்கன் போட வெச்சா மொத்த பில்டிங்கையும் விக்கறதுக்கு எனக்கே குடுக்கறாங்க. நம்ம தாராவி ஜனங்களைக் கூட்டிண்டு வாங்களேன். வர்ற சண்டே வெச்சுக்கலாமா?"

சங்கரேஸ்வரி சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள். ஆடி பிறந்திருந்தது. ஆடியில் அவள் சனம் புது வீட்டுக்கு டோக்கன் என்று முன்பணம் கொடுக்காது, தங்கத்தால் கட்டிய வீடானாலும் சரி. ராஜசேகருக்கு அது எங்கே தெரியும்? மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், கட்டியது மராத்திக்காரப் பெண்ணை. கணபதி தெரியும், தீபாவளி தெரியும். நாள் பார்ப்பதெல்லாம் இதுவரை இவள் தலைவலி. இவள் நல்ல மாதமாகப் பார்த்துக் கூட்டி வருவாள், அவர் பேனாவை நீட்டுவார்.

"கூட்டிட்டு வாரேன் சார்" என்றாள். ஆடி என்ற வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை.

சந்தில் அவள் யாரிடமும் பொய் சொல்லவில்லை. "சும்மா வந்து பாருங்க, பிடிச்சா ஆவணியில யோசிப்போம். பஸ்ஸு விடுதாங்க, சாப்பாடும் உண்டு" என்றாள். மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனம் குடும்பம் குடும்பமாக ஏறியது. மகன் மாரிசெல்வத்துக்குக் கல்யாணம் பேசி வீடு தேடிக்கொண்டிருந்த சித்தியும், முகத்தைத் திருப்பிக்கொண்டே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

மாதிரி வீட்டில் வாசலுக்கு வாசல் தோரணம். மேஜை மேல் டோக்கன் போடுகிறவர்களுக்காகப் பேடா டப்பாக்கள் அடுக்கியிருந்தன. பில்டரின் விற்பனை மேனேஜர் ஜான்சி, பாண்டுப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண், ரசீதுப் புத்தகத்தோடு காத்திருந்தாள். சனம் குழாயைத் திறந்து பார்த்தது, பால்கனியில் நின்று போட்டோ எடுத்தது, வடையை ஒரு கை பார்த்தது. பையில் மட்டும் யாரும் கை விடவில்லை.

ராஜசேகருக்கு வேர்த்தது. சங்கரேஸ்வரியை ஓரமாக இழுத்தார். "என்ன மேடம், ஒருத்தர் கூட டோக்கன் எடுக்கலை?"

"கமிஷன் அவங்க தலையில விழுந்திருமோன்னு பயம் இருக்கும்லா சார்? முந்தி அப்படி ஒரு பேச்சு வந்துட்டு. நான் சொன்னா யாரு நம்புதா? நீங்கதான் தெளிவாச் சொல்லணும்."

மனிதர் யோசிக்கவே இல்லை. நாற்காலி மேல் ஏறாத குறையாகக் கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் கேளுங்கோ! கமிஷன் பூரா பில்டர் குடுக்கறது. எனக்கும் சரி, ஈஸ்வரி மேடத்துக்கும் சரி, உங்க காசு ஒரு பைசா வராது. இன்னிக்கு இல்லை, என்னிக்குமே இதான் ரூல். என் பசங்க மேல சத்தியம்!"

முப்பிடாதியம்மாள் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தாள்.

"அப்பம் எனக்கு மட்டும் ஏன்வே இவளுக்கு ஒரு லட்சம் அழணும்னு சொன்னீரு? உம்ம பேச்ச நம்பி எங்க அக்கா மவள நாலு பேரு முன்னால கேவலப்படுத்தினேனே!"

"அது... ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்..."

"என்ன மண்ணாங்கட்டி! எவ்வளவு பெரிய பொய்யச் சொல்லிட்டு, என் வீட்லயே முதத் தம்ளரு பாலும் குடிச்சீரே!"

ராஜசேகர் கைகூப்பினார், அசடு வழிந்தார். சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. "சரிம்மா, தப்புதான். இப்போ சந்தேகம் தீர்ந்துதோன்னோ? டோக்கன் போடுங்கோ."

"ஆடியிலயா?" என்றது ஒரு குரல். கூடமே சிரித்தது.

ஜான்சி ரசீதுப் புத்தகத்தை மூடினாள். "உங்க கஸ்டமருக்கு இது ஆடின்னு கூட உங்களுக்குத் தெரியாதா சார்? இவங்களை நம்பித்தான் பத்து புக்கிங்னு எங்க சேட்கிட்ட சொன்னீங்களா?" பிறகு சங்கரேஸ்வரி பக்கம் திரும்பினாள். "ஆவணியில இவங்களக் கூட்டிட்டு வர்றது யாரு?"

சங்கரேஸ்வரி கைப்பையிலிருந்து தன் நம்பர் அச்சடித்த கார்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "நான்தான். நேரா வருவேன், நடுவுல ஆளு கிடையாது."

ஜான்சி கார்டை எடுத்து ரசீதுப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

வாசலில் ராஜசேகர் வழிமறித்தார். "ஆடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஈஸ்வரி?"

'மேடம்' போய்விட்டிருந்தது. சங்கரேஸ்வரி நிதானமாக மேஜைக்குத் திரும்பிப் போய், அடுக்கிலிருந்து ஒரு பேடா டப்பாவை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். ஆறு மாதமாக அவள் வாய்க்குள் ஊறிக் கிடந்த வார்த்தை வெளியே வந்தது.

"சாய்-பானிக்கு வெச்சுக்கோங்க சார்."

பஸ்ஸில் முப்பிடாதியம்மாள் ஜன்னலோர இடத்தை விட்டு நகர்ந்து, பக்கத்து சீட்டைக் கையால் துடைத்து வைத்திருந்தாள். "இங்க வாட்டி. மாரிசெல்வத்துக்கு வீடு நீதான் பாத்துக் குடுக்கணும். பால் காய்ச்சுத அன்னைக்கு முதத் தம்ளரு உனக்குத்தான், பாத்துக்கோ."

"பாப்போம் சித்தி" என்று சொல்லிவிட்டு, சங்கரேஸ்வரி அவளைத் தாண்டிக் கடைசி சீட்டுக்குப் போனாள். ஆவணி வரைக்கும் சித்தியும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.